இடைநேரத்தில் கற்றல்

நாளின் நடுவே கிடைக்கும் ஐந்து நிமிடத்தையும் பத்து நிமிடத்தையும் வீணாக்காமல் படிக்க வேண்டும் என்ற அறிவுரை பெற்றோரும் ஆசிரியரும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. அதற்கு அவர்கள் காட்டும் காரணம் கூட்டல் கணக்கு: நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் மாதத்துக்கு ஐந்து மணி நேரம். கணக்கில் பிழை இல்லை. எனினும் அந்தச் சிறு பொழுதுகளின் உண்மையான பலம் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஒரே மூச்சில் படித்த ஒரு மணி நேரத்தைவிட, பல நாள்களுக்குப் பிரித்துப் படித்த அதே ஒரு மணி நேரம் நினைவில் நெடுங்காலம் நிற்கிறது என்பதை உளவியல் நூறாண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்பச் சோதித்து உறுதிசெய்திருக்கிறது. இரண்டு படிப்புக்கு நடுவே புத்தகம் மூடியிருக்கும் நேரமும் கற்றலில் ஒரு பங்கை வகிக்கிறது என்ற இந்த உண்மை, நேரமே துண்டு துண்டாகக் கிடைக்கும் மக்களுக்கு மற்றெவரையும்விட மிகுந்த பயன் தரக்கூடியது.

அத்தகைய மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று கண்டி மாவட்டத்தின் பன்வில. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில், வத்தேகமைக்கு அப்பால், மடுல்கலையையும் ஹுலுகங்கையையும் அண்டிக் கிடக்கும் இந்தப் பிரதேசத்தில் தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் முஸ்லிம் வணிகர்களின் கடைத்தெருக்களும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. தோட்டத்து லயத்தில் வாழும் ஒரு பெண்ணின் நாள், விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பெரிய பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுவைக்காக மடுவத்தில் வரிசையில் நின்று, மாலையில் விறகோடு திரும்பி, மறுபடியும் அடுப்படியில் முடிகிறது. கண்டி நகரத்தில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்க்கும் இளைஞருக்கும், நகரப் பாடசாலைகளில் உயர்தரம் படிக்கும் மாணவருக்கும், வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் பஸ்ஸிலேயே நாளின் கணிசமான பகுதி கழிந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் மேசையின் முன் அசையாமல் உட்கார்ந்து படிப்பது என்பது, இஸ்தோப்பும் ஒற்றைக் காம்பராவும் மட்டுமே உள்ள லயத்து வீட்டில் பலருக்கு வாய்க்காத வசதி. மடுவத்து வரிசை, பஸ் தரிப்பிடம், அரசாங்க வைத்தியசாலையின் வாங்கு, அரிசி கொதிக்கும் வரையிலான சில நிமிடங்கள் ஆகியவையே அவர்களுக்கு மிஞ்சும் இடைநேரம்.

இந்த இடைநேரத்தை அறிவியலோடு இணைக்கும் முதல் ஆய்வு 1885இல் ஜெர்மனியில் வெளியானது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற உளவியலாளர், பொருளற்ற அசைகளைக் கொண்ட வரிசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்பதைத் தம்மையே சோதனைப் பொருளாக்கி அளந்தார். மறந்துபோன வரிசையை மீண்டும் கற்கும்போது முதல் தடவையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். அந்த அளவின்படி, கற்ற ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் நழுவிவிடுகிறது. அதன் பிறகு மறதியின் வேகம் தணிந்து, ஒரு மாதத்துக்குப் பின்னும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தங்குகிறது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டுப் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் புத்தகத்தைத் தொடும் ஒருவருக்கு இந்த முடிவு பெரும் ஆறுதல். முற்றாக மறந்துவிட்டது என்று அவர் நினைக்கும் பாடத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி எஞ்சியிருந்து, இரண்டாம் முறை கற்பதை எளிதாக்குகிறது.

அதே நூலில் எபிங்ஹவுஸ் பதிவுசெய்த இன்னொரு முடிவு இந்தக் கட்டுரையின் பொருளுக்கு மேலும் நெருக்கமானது. பன்னிரண்டு அசை கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து சொல்லிப் பார்த்ததால் மறுநாள் கிடைத்த பலன், வெறும் 38 முறையை மூன்று நாள்களுக்குப் பகிர்ந்து சொன்னபோதே கிடைத்துவிட்டது. உழைப்பு ஏறத்தாழப் பாதியளவாகக் குறைந்தும் விளைவு குறையவில்லை. உளவியலாளர்கள் இதனை இடைவெளி விளைவு என்று அழைக்கிறார்கள். ஒரே செய்தியை இடைவெளி விட்டுத் திரும்பச் சந்திக்கும்போது நினைவு வலுப்பெறுகிறது என்பது அதன் பொருள். தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கக் கொழுந்துச் சுற்றே போதும்: இன்று பறித்த செடியில் நாளையே கை வைத்தால் ஒன்றும் கிடைக்காது, அதிக நாள் விட்டால் இலை முற்றிப்போகும், துளிர் விடுவதற்கு உரிய நாள்களை விட்டுத் திரும்பும் கையே கூடையை நிரப்புகிறது.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் விடை தேடப்பட்டிருக்கிறது. 1,350க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எப்போது தேவைப்படும் என்பதைப் பொறுத்தே இடைவெளி அமைய வேண்டும் என்று கண்டது. ஒரு வாரத்தில் தேவைப்படும் செய்தியை ஒரு நாள் விட்டுத் திருப்பிப் படித்தவர்களும், எழுபது நாளுக்குப் பின் தேவைப்படும் செய்தியை ஏறத்தாழ மூன்று வாரம் விட்டுத் திருப்பிப் படித்தவர்களும் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். நாளை நடக்கும் வகுப்புப் பரீட்சைக்கு இன்றிரவு விழித்துப் படிப்பது ஓரளவு பலன் தரலாம். ஆனால் டிசம்பரில் எழுத வேண்டிய பரீட்சைக்கு அந்த இரவு கைகொடுக்காது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. அது கற்பவரின் மனத்தில் ஏற்படும் குறை. பிரித்தானிய அஞ்சல் துறையில், கடிதங்களைத் தரம் பிரிக்கும் இயந்திரங்களை இயக்குவதற்காக அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பிக்கப்பட்டபோது, ஆலன் பாட்லி, லாங்மன் ஆகிய இரு ஆய்வாளர்கள் அவர்களைப் பல குழுக்களாகப் பிரித்துப் பயிற்சி நேரத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தனர். 1978இல் வெளியான அந்த ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்றவர்கள் விசைப்பலகையைக் கற்க ஏறத்தாழ 35 மணி நேரம் எடுத்தனர். நாளுக்கு இரண்டு தடவையாக நான்கு மணி நேரம் பயின்றவர்களுக்கு அதையே கற்க ஏறத்தாழ 50 மணி நேரம் தேவைப்பட்டது. ஆனால் தங்கள் பயிற்சியில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டவர்கள் அந்த முதற்குழுவினரே. நாள்கணக்கில் மற்றவர்கள் முன்னால் போய்விட்டதாகத் தோன்றியதால், உண்மையில் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தவர்கள் தாம் பின்தங்கிவிட்டதாகக் கவலைப்பட்டனர். சிறிது சிறிதாகப் படிக்கும் எவரும் இந்தக் கவலையைச் சந்திப்பார். அது வரும் என்று முன்பே தெரிந்திருப்பவர் பாதியில் கைவிடமாட்டார்.

இடைவெளியோடு சேர வேண்டிய இரண்டாவது கூறு மீட்டல். புத்தகத்தைத் திறந்து மறுபடி வாசிப்பதற்கும், புத்தகத்தை மூடிவிட்டு அதில் இருந்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. பின்னதையே மீட்டல் என்கிறோம். 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பிட்சர் என்ற ஆய்வாளர் ஆறாம் வகுப்பு மாணவர் 3,605 பேரிடம் நடத்திய சோதனையில், வாசித்தவுடன் சிறு தேர்வு எழுதிய மாணவர்கள், எழுதாதவர்களைவிடப் பல வாரங்களுக்குப் பின்னும் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். 2006இல் ரோடிகர், கார்பிக் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் துல்லியமாக்கியது. ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த தேர்வில் 81 சதவீதத்தை எழுதினர். ஒரு முறை வாசித்து ஒரு முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதத்தையே எழுதினர். ஒரு வாரத்துக்குப் பின் நிலைமை தலைகீழானது: முன்னவர்களிடம் 42 சதவீதமும் பின்னவர்களிடம் 56 சதவீதமும் எஞ்சியிருந்தன. திருப்பி வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும் மயக்கமே மாணவர்களை ஏமாற்றுகிறது. மீட்டலுக்கு மேசையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்; நெரிசல் மிகுந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவராலும் அது முடியும் என்பதால்தான் இடைநேரத்துக்கு அது இவ்வளவு பொருந்துகிறது.

தமிழர் கல்வி மரபில் இவ்விரண்டும் முன்பே இருந்தன. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியையும் நிகண்டையும் பிள்ளைகள் ஓலையைப் பார்த்துப் படித்ததைவிட, பாராமல் ஒப்புவித்ததே அதிகம். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்பி, மறுநாள் காலையில் அதைக் கேட்கும் வழக்கம் இருந்ததை உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். ஓர் இரவு இடைவெளி, அதன்பின் ஒரு மீட்டல்: சோதனைச்சாலை இல்லாமலே அந்த உபாத்தியாயர்கள் கண்டுகொண்ட முறை இது.

மலையகத்தில் இதற்கு இன்னும் சிறந்த சான்று காமன் கூத்து. மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் இந்தக் கூத்தில் ஆடுபவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். பகலில் கவ்வாத்து வெட்டி, முள்ளுக் குத்தி, கொழுந்து சுமந்தவர்களே இரவில் மன்மதனாகவும் ரதியாகவும் வேடமிடுகிறார்கள். வாத்தியார் ஒருவர் பாட, அவர் வாயிலிருந்து கேட்டுப் பாடி, வேலை முடிந்த இரவுகளில் பகுதி பகுதியாகப் பாட்டைக் கற்கிறார்கள். மறுநாள் மலையில் அதே பாட்டைத் தமக்குள் முணுமுணுத்து, தடுமாறிய அடியை அன்றிரவு வாத்தியாரிடம் திருத்திக்கொள்கிறார்கள். பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும் இவ்வாறே தலைமுறை கடந்து வந்தன. எழுத்தறியாதவர்களும் இரவு முழுதும் நீளும் ஒரு கூத்தை நெஞ்சில் தாங்கினார்கள் என்பதை வெறும் ஞாபகசக்தி என்று சொல்லி நகர்ந்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அவர்களிடம் ஒரு கற்கும் முறை இருந்தது. அந்த முறையைப் பாடசாலைக் கல்வி தன்னுடையதாக்கிக்கொள்ளவில்லை என்பது பெரிய இழப்பு.

பள்ளிக்கூடம் தோட்டத்துக்குள் வந்த வரலாறும் நேரப் பங்கீட்டின் வரலாறுதான். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. ஆயினும் பிள்ளைகளின் கையும் வேலைக்குத் தேவைப்பட்ட அக்காலத்தில் படிப்பு என்பது வேலைக்கு மிஞ்சிய நேரத்துக்கே ஒதுக்கப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை பெரும்பாலானவை ஓரிரு ஆசிரியரோடு கீழ்வகுப்புகளைத் தாண்டாமலே இருந்தன. பன்விலப் பகுதியின் முதியவர்கள் பலர் கையெழுத்துக்கு அப்பால் போகாததற்குக் காரணம் அவர்களது அக்கறையின்மை அல்ல.

இன்றைய பன்விலவில் இடைநேரக் கற்றலுக்கு மிகவும் ஏற்ற பாடம் எது என்று கேட்டால், இரண்டாம் மொழி என்றே சொல்ல வேண்டும். பொலிஸ் நிலையத்திலும் வைத்தியசாலையிலும் பஸ்ஸிலும் சிங்களம் தெரியாத தமிழர் படும் சிரமம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் புதிதாக அரச சேவையில் சேருபவர்கள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆகவே தமிழ் கற்க வேண்டிய சிங்கள உத்தியோகத்தரும் சிங்களம் கற்க விரும்பும் தோட்டத்து இளைஞரும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும் வாய்ப்பு இந்த ஊரில் உண்டு. ஒருவருக்கொருவர் பாடம் கேட்டுக்கொள்ளத் தடையாக இருப்பது கூச்சம் மட்டுமே.

அதற்கான கருவி மலிவானது. பழைய கொப்பியின் தடித்த அட்டையைத் தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கத்தில் ‘நேரம் என்ன?’ என்று தமிழிலும் மறுபக்கத்தில் ‘வெலாவ கீயத?’ என்று சிங்கள ஒலியைத் தமிழெழுத்திலும் எழுதிக்கொள்ளலாம். ‘எங்கே போகிறீர்கள்?’ என்பதற்கு ‘கொஹெத யன்னே?’, ‘எனக்கு விளங்கவில்லை’ என்பதற்கு ‘மட தேரென்னே நே’ என்று இவ்வாறு அன்றாடம் வாயில் வரும் வாக்கியங்களையே தெரிந்தெடுக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து, அட்டையைத் திருப்புவதற்கு முன் சிங்கள வாக்கியத்தை வாய்விட்டோ மனத்துக்குள்ளோ சொல்லிவிட வேண்டும்; சொல்லாமல் திருப்பினால் அது வாசிப்பு, மீட்டல் அன்று. 1970களின் தொடக்கத்தில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன்மொழி எழுத்தாளர் பரப்பிய ஒழுங்கு இந்த அட்டைகளுக்குப் பொருந்தும்: அறைகளாகத் தடுத்த ஒரு பெட்டியில் அட்டைகளை வைத்தால், சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போய் நீண்ட இடைவெளியில் திரும்ப வரும், தவறிய அட்டை முதல் அறைக்கே வந்து மறுநாள் மீண்டும் கேட்கப்படும். ஒரு பிஸ்கட் டின்னில் மூன்று தடுப்பு வைத்தால் அந்தப் பெட்டி ஆயத்தம். நாளைக்கு ஐந்து புதிய அட்டைக்கு மேல் சேர்க்காதிருப்பது நல்லது, ஏனென்றால் புதியது சேரச் சேரப் பழையதை மீட்டும் பொழுது சுருங்கிவிடும்.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கு வேறு பொருள் வேண்டும். நூலகம் இணையத் தளத்திலும் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் பாடங்களும் வினாத்தாள்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் பஸ்ஸில் அவற்றைத் திறந்து வாசிப்பதைவிட, முதல்நாள் இரவு பார்த்த ஒரு வினாவை மட்டும் மனத்தில் ஏந்திச் சென்று, வத்தேகமை வந்து சேர்வதற்குள் அதன் விடையைக் கோர்த்துப் பார்ப்பது பயன் மிக்கது. கைத்தொலைபேசியைக் கையில் எடுத்தவுடன் படிப்பு வேறெங்கோ போய்விடும் என்பதைப் பெற்றோருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொப்பியின் ஓரத்தில் எழுதிய நான்கு வினாக்கள் அந்த ஆபத்தைத் தருவதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் துண்டு நேரத்தில் கற்றுவிடலாம் என்று எவரேனும் சொன்னால் அதை ஏற்கக்கூடாது. ஒரு கணிதத் தேற்றத்தின் நிறுவலை முதன்முறையாக விளங்கிக்கொள்வதற்கும், ஒரு கட்டுரையைத் திட்டமிட்டு எழுதுவதற்கும், ஒரு நாவலில் ஆழ்வதற்கும் தொடர்ந்த நேரம் வேண்டும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த வேலைக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். அந்த ஒட்டு விலகுவதற்குள் ஐந்து நிமிடம் முடிந்துவிடும். விளங்கிக்கொள்ளுதல் நீண்ட பொழுதுக்கு உரியது, விளங்கியதை மீட்டுதல் குறும்பொழுதுக்கு உரியது என்று பிரித்துக்கொள்வதே சரியான வழி. பழகிய பாட்டை முணுமுணுப்பது வேறு; கொழுந்து மலையில் கை வேலை செய்யும்போது கவனத்தை இழுக்கும் படிப்பை நுழைப்பது தவறு. செங்குத்தான சரிவிலும், எந்த மரத்தில் குளவிக்கூடு இருக்கும் என்று தெரியாத இடத்திலும், கண்ணும் காதும் மலையிலேயே இருக்க வேண்டும். கற்றல் காத்திருக்கும் நேரத்துக்கு உரியது, ஆபத்துள்ள வேலை நேரத்துக்கு அன்று.

காத்திருக்கும் நேரம் முழுவதையும் நிரப்பவும் வேண்டியதில்லை. எடின்பரோவில் மைக்கேலா டூவரும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையைக் கேட்டபின் பத்து நிமிடம் கண்மூடி ஓய்ந்திருந்த முதியவர்கள், அதே பத்து நிமிடத்தை வேறொரு விளையாட்டில் கழித்தபோது நினைவில் வைத்ததைவிடக் கூடுதலான பகுதியை ஒரு வாரத்துக்குப் பின்னும் நினைவில் வைத்திருந்தனர். சும்மா இருப்பதும் கற்றதைப் பதிய வைக்கும் என்றால், பாடசாலை விட்டு வரும் பிள்ளை பஸ் ஜன்னலில் தலைசாய்த்து ஹுலுகங்கைப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வருவதைக் கண்டிக்க வேண்டியதில்லை. நாள் முழுதும் உழைத்த தாயிடம் ‘கிடைக்கும் ஐந்து நிமிடத்திலும் ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதில் ஓர் அநீதியும் உண்டு; அவருக்கு அந்த ஐந்து நிமிடம் உட்காருவதற்கே போதாது. இடைநேரக் கற்றல் மனமுவந்து எடுத்துக்கொள்பவருக்கான வழியாக இருக்க வேண்டும்; தோட்டத்துக்கு வந்து சேராத நூலகத்துக்கும், ஆசிரியர் இல்லாத வகுப்புக்கும், படிக்க அமைதியான இடம் இல்லாத லயத்துக்கும் அது மாற்றாகிவிடக்கூடாது. ஒவ்வொரு தோட்டத்திலும் மாலையில் விளக்கோடு திறந்திருக்கும் ஒரு வாசிப்பு அறை வேண்டும் என்ற கோரிக்கை இந்த முறைகளால் சற்றும் வலுவிழப்பதில்லை.

அதற்காகப் போராடும்போதே செய்யக்கூடிய ஒன்று பாடசாலைகளின் கையில் இருக்கிறது. பன்விலவிலும் மடுல்கலையிலும் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஒவ்வொரு பாடவேளையின் முதல் மூன்று நிமிடத்தில், நேற்றைய பாடத்திலிருந்து ஒரு வினா, சென்ற வாரத்திலிருந்து ஒரு வினா, சென்ற மாதத்திலிருந்து ஒரு வினா என்று மூன்றைக் கேட்டு, கொப்பியைத் திறக்காமல் விடை எழுதச் சொல்ல வேண்டும். புள்ளி போட வேண்டாம், பெயரைக் குறிக்க வேண்டாம், தவறிய விடையை உடனே திருத்தினால் போதும். இதற்குப் புதிய நிதியோ சுற்றறிக்கையோ தேவையில்லை. அடுத்த தவணை தொடங்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆசிரியர்கள் நாளைய முதற்பாடத்திலேயே இதைத் தொடங்க வேண்டும்.